சபையில் கணக்குக் கேட்பது மேட்டிமையா?

பெருந்துறைப் பக்கத்திலிருந்து ஒரு சகோதரர் கேட்டிருக்கிறார். அவர்கள் சபையில் புதுக் கோயில் கட்டக் காணிக்கை வசூலிக்க ஆரம்பித்து மூன்று வருடம் ஆகிறது. வரவு செலவு ஒரு தடவைகூட வாசிக்கப்படவில்லை. இவர் கேட்டதற்கு அடுத்த ஞாயிறு பிரசங்கத்திலேயே பதில் வந்ததாம்: "அபிஷேகம்பண்ணப்பட்டவரைத் தொடாதே." வருகிற தேர்தலில் கமிட்டிக்கு நிற்கலாமா என்று யோசித்தால், வீட்டில் மனைவி "இது பதவி ஆசைங்க, நமக்கு வேண்டாம்" என்கிறாராம். வேதம் என்ன சொல்கிறது என்பது அவர் கேள்வி. மேலோட்டமாகப் பார்த்தால் கணக்கு ஒன்று, தேர்தல் ஒன்று என இரண்டு விஷயம். ஆனால் அவர் எழுதியிருப்பதைத் திரும்பப் படித்தால், அவரை உறுத்துவது ஒன்றுதான் என்று தோன்றுகிறது: இதில் மேட்டிமை யாரிடம் இருக்கிறது, கணக்குக் காட்டாத போதகரிடமா, கேட்கிற என்னிடமா?

நான் பல வருடம் வேதாகமக் கல்லூரியில் பழைய ஏற்பாடு கற்பித்தவன். ஈரோட்டுப் பக்கம் ஒரு சேகரத்தில், அதாவது ஒரு போதகரின் பொறுப்பில் உள்ள சபை வட்டாரத்தில், பொருளாளராகவும் இருந்திருக்கிறேன். அந்த இரண்டு அனுபவத்தையும் வைத்துப் பதில் சொல்கிறேன். உங்கள் போதகரை நான் அறியேன், ஒரு பக்கம்தான் கேட்டிருக்கிறேன். அதனால் அவரைப் பற்றித் தீர்ப்பு எதுவும் இந்தப் பதிலில் இருக்காது. வசனங்களைப் பற்றி உறுதியாகச் சொல்ல முடிந்ததை உறுதியாகவே சொல்கிறேன்.

முதலில் அந்த வசனம். "நான் அபிஷேகம்பண்ணினவர்களை நீங்கள் தொடாமலும்" என்பது 105ஆம் சங்கீதம் 15ஆம் வசனம். அதற்கு மேலே இரண்டு மூன்று வசனம் சேர்த்துப் படியுங்கள். ஆபிரகாம், ஈசாக்கு, யாக்கோபு குடும்பத்தார் கொஞ்சம் பேராக, பரதேசிகளாக, ஊர் ஊராகத் திரிந்த காலத்தைச் சங்கீதம் சொல்கிறது. அவர்களை ஒடுக்க யாருக்கும் இடம் கொடாமல், அவர்களுக்காகக் கடவுள் ராஜாக்களைக் கடிந்துகொண்டார் என்று 14ஆம் வசனம் சொல்கிறது. அதாவது இந்தக் கட்டளை அதிகாரத்தில் இருந்தவர்களைப் பார்த்துச் சொன்னது. நிலமோ படையோ இல்லாத வழிப்போக்கர்களைக் காக்கச் சொன்னது. அதை மேடையில் இருப்பவர் கீழே உட்கார்ந்திருப்பவரைப் பார்த்துச் சொன்னால் வசனம் தலைகீழாகிவிடுகிறது. இன்னொன்றும் உண்டு. சங்கீதம் நினைவுகூருகிற சம்பவங்களில் ஒன்று ஆதியாகமம் 20இல் வருகிறது. சாராளைத் தன் சகோதரி என்று ஆபிரகாம் சொல்லிவிட்டார், கேராரின் ராஜா அபிமெலேக்கு அவளை அழைத்துக்கொண்டான். கடவுள் கனவில் அபிமெலேக்கைத் தடுத்து, ஆபிரகாமைத் தீர்க்கதரிசி என்றே சொல்கிறார். மறுநாள் அபிமெலேக்கு ஆபிரகாமைக் கூப்பிட்டு, நீ ஏன் எங்களுக்கு இப்படிச் செய்தாய் என்று நேருக்கு நேர் கேட்கிறான். ஆபிரகாம் பதில் சொல்கிறார். அந்தப் பதில் அவ்வளவு நன்றாக இல்லை, ஆனாலும் சொல்கிறார். தீங்கு செய்யாதே என்று காக்கப்பட்ட அதே மனிதர், அதே அதிகாரத்தில், கேள்விக்கு உட்படுகிறார்.

அபிஷேகம் பெற்ற ராஜா என்பதால் சவுல் மேல் தாவீது கை போடவில்லையே என்பார்கள். சரிதான். 1 சாமுவேல் 24இல் கை போடுவது என்றால் கொல்வது. என்கேதி குகையில் தாவீது சவுலைக் கொல்லவில்லை, சால்வைத் தொங்கலை அறுத்ததற்கே மனம் அடித்துக்கொண்டது. ஆனால் குகையை விட்டு வெளியே வந்து, மூவாயிரம் பேரோடு வந்திருந்த ராஜாவைக் கூப்பிட்டு, "ராஜாவாகிய என் ஆண்டவனே" என்று மரியாதையோடு தொடங்கி, நீர் செய்வது அநியாயம் என்று எல்லார் காதும் கேட்கச் சொன்னார். கையில் அந்தத் துணியை ஆதாரமாகக் காட்டினார். உயிருக்கும் மானத்துக்கும் கேடு செய்யாமல், ஆதாரத்தோடு, மரியாதையாகக் கேட்பது: தாவீது விட்ட முன்மாதிரி இது.

மேட்டிமை என்றால் வேதம் எதைச் சொல்கிறது என்பதற்கு நான் மாணவர்களுக்கு எப்போதும் காட்டுகிற அதிகாரம் 2 நாளாகமம் 26, உசியா ராஜாவின் கதை. நம் ஊர்க்காரர்களுக்கு இந்த ராஜாவைச் சட்டென்று பிடித்துவிடும். பதினாறு வயதில் அரசேறி 52 வருடம் ஆண்டவர். வனாந்தரத்தில் கோபுரம் கட்டி, ஏராளமான கிணறு வெட்டினார், ஏனென்றால் அவருக்குப் பள்ளத்தாக்கிலும் சமபூமியிலும் நிறைய மாடு கன்று இருந்தது. மலைகளில் பயிரிடுகிறவர்களையும் திராட்சைத் தோட்டக்காரர்களையும் வைத்திருந்தார். வெள்ளாண்மைப் பிரியன் என்றே வேதம் அவரைச் சொல்கிறது. மழை மறைவுப் பூமியில் கிணற்றை நம்பிப் பிழைத்த கொங்கு விவசாயிக்கு இதற்கு மேல் ஒரு ராஜாவிடம் என்ன வேண்டும்? படையைச் சீர்படுத்தினார், எருசலேம் மதிலுக்குப் பொறிகள் செய்து வைத்தார், பேர் எங்கும் பரவியது. கெட்ட ராஜா என்று யாரும் சொல்ல முடியாது.

அதற்கு அடுத்த வசனத்தில்தான் "அவன் பலப்பட்டபோது" அவன் மனம் மேட்டிமையானது என்று வருகிறது. அதுவரை கடவுள் உதவினார், உதவியால் பலம் வந்தது, பலம் வந்த பிறகுதான் விழுந்தார். என்ன செய்தார்? கொலை இல்லை, கொள்ளை இல்லை. தூபகலசத்தை எடுத்துக்கொண்டு ஆலயத்துக்குள் போய்த் தூபங்காட்டப் பார்த்தார். பக்தியான காரியம்தான். ஆனால் அது ஆசாரியரின் வேலை, ராஜாவின் வேலை இல்லை. எல்லாவற்றையும் தானே செய்யலாம், தனக்கு எல்லை யாரும் போட வேண்டியதில்லை என்ற நினைப்பு அங்கே வந்துவிட்டது.

அப்போது அசரியா என்ற ஆசாரியர், எண்பது ஆசாரியரைக் கூட்டிக்கொண்டு பின்னாலேயே போய், இது உமக்கு அடுத்ததல்ல, வெளியே போம் என்று நேராகச் சொல்கிறார். இங்கே வசனத்தின் வரிசையைக் கவனியுங்கள். உசியா உள்ளே நுழைந்தவுடன் தண்டனை வரவில்லை. அவர்கள் தடுத்த பிறகும் உடனே வரவில்லை. கலசத்தைக் கையில் பிடித்தபடி ஆசாரியர்மேல் கோபங்கொண்டு நின்றபோதுதான் நெற்றியில் குஷ்டம் தோன்றியது என்று எழுதியிருக்கிறது. திரும்பிப் போக அவருக்கு அவகாசம் இருந்தது. சொன்னவர்கள்மேல் எரிந்து விழுந்ததில் அந்த அவகாசம் போயிற்று. சாகும்வரை தனி வீட்டில் இருந்தார், மகன் யோதாம் அரண்மனைப் பொறுப்பைப் பார்த்தான்.

இதோடு தாவீதைச் சேர்த்துப் பாருங்கள். பத்சேபாள் விஷயத்தில் தாவீது செய்தது உசியா செய்ததைவிட எத்தனையோ மடங்கு கொடுமை, அவள் கணவனையே சாகக் கொடுத்தார். தீர்க்கதரிசி நாத்தான் வந்து "நீயே அந்த மனுஷன்" என்றபோது ராஜா செய்திருக்கக்கூடியது எவ்வளவோ உண்டு. அவர் சொன்னது, கர்த்தருக்கு விரோதமாகப் பாவஞ்செய்தேன் என்ற ஒரு வாக்கியம். அதற்குப் பிறகும் விளைவுகள் அவர் வீட்டை விடவில்லை. ஆனால் நாத்தான் அந்த அரண்மனைக்குத் தொடர்ந்து வந்து போக முடிந்தது. சவுலோ நடுவில் நிற்கிறவர். அமலேக்கியர் யுத்தம் முடிந்ததும் கர்மேலில் தனக்கொரு ஜெயஸ்தம்பம் நாட்டினார். தீர்க்கதரிசி சாமுவேல் கேட்டபோது பாவஞ்செய்தேன் என்றும் சொன்னார். ஆனால் அடுத்த மூச்சில், மூப்பருக்கு முன்பாக என்னைக் கனம்பண்ணும் என்று கெஞ்சினார். பேர் கெடாமல் இருந்தால் போதும் அவருக்கு.

ஆகவே ஒரு தலைவரிடம் மேட்டிமை இருக்கிறதா என்று பார்க்க வேதம் காட்டும் இடம், அவரைக் கேள்வி கேட்கும் நேரம். எவ்வளவு சத்தமாகப் பேசுகிறார், என்ன கார் வைத்திருக்கிறார் என்பதெல்லாம் அப்புறம். நாற்பது வயதில் தாழ்மையாக இருந்தவர் அறுபதிலும் அப்படியே இருப்பார் என்ற உத்தரவாதம் உசியாவின் கதையில் இல்லை.

இங்கே சந்தேகத்துக்கு உரியதையும் சொல்லிவிட வேண்டும். 2 இராஜாக்கள் 15இல் இதே ராஜா அசரியா என்ற பேரில் வருகிறார். அங்கே கர்த்தர் அவரை வாதித்தார், குஷ்டரோகியானார் என்று மட்டும் இருக்கிறது, தூபங்காட்டிய கதை இல்லை. காரணத்தைச் சொல்வது நாளாகமம் மட்டும்தான், அது பல நூற்றாண்டு கழித்துத் தொகுக்கப்பட்ட நூல். இரண்டையும் எப்படிப் பொருத்துவது என்பதில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. என்னைப் பொறுத்தவரை, தலைவர்களுக்கு நாளாகமம் சொல்ல வந்த செய்தி இதனால் குறைவதில்லை. ஆனால் இதை வைத்து, நோயில் விழுந்த ஒரு ஊழியரைப் பார்த்து மேட்டிமைக்குத் தண்டனை என்று யாரும் சொல்லக்கூடாது. யோவான் 9இல் பிறவிக் குருடனைக் குறித்து அப்படிக் கேட்ட சீஷரை இயேசு திருத்தினார். நம் சபைகளில் இந்தப் பேச்சு எத்தனை வீடுகளைப் புண்படுத்தியிருக்கிறது என்று பார்த்திருக்கிறேன், அதனால்தான் அழுத்திச் சொல்கிறேன்.

சரி, கணக்குக்கு வருவோம். 2 இராஜாக்கள் 12ஐ உங்கள் கமிட்டியில் ஒருநாள் முழுக்க வாசிக்கச் சொல்லுங்கள், உங்கள் நிலைமைக்கு இவ்வளவு பக்கத்தில் வேறு அதிகாரம் இல்லை. யோவாஸ் ராஜா ஆலயத்தைப் பழுதுபார்க்கச் சொல்லி, வருகிற பணத்தை ஆசாரியர் கையில் விட்டார். ராஜாவின் இருபத்துமூன்றாம் வருடத்தில் பார்த்தால் வேலை நடக்கவில்லை. ஏன் என்று ராஜா கேட்டார், யோய்தா என்ற பெரிய ஆசாரியர் உட்பட எல்லாரையும் அழைத்துக் கேட்டார். ஆசாரியர் திருடினார்கள் என்று வேதம் சொல்லவில்லை. வேலை ஆகவில்லை என்று மட்டும் சொல்கிறது. யாரையும் தண்டிக்கவும் இல்லை. ஏற்பாட்டை மாற்றினார்கள். யோய்தாவே ஒரு பெட்டியை எடுத்து, மூடியில் துவாரம் போட்டு, பலிபீடத்தண்டையில் வைத்தார். பெட்டியில் பணம் மிகுதியானதும் ராஜாவின் சம்பிரதியும் (அரண்மனை எழுத்தர்) பிரதான ஆசாரியரும் சேர்ந்து வந்து எண்ணிப் பைகளில் கட்டினார்கள். 2 நாளாகமம் 24இல் பெட்டி வாசலில் இருக்கிறது, பிரதான ஆசாரியருக்குப் பதில் அவருடைய ஆள் வருகிறார், சில விவரம் மாறுகிறது. ஆனால் அரண்மனை ஆள் ஒருவர், ஆலய ஆள் ஒருவர் என்பதில் இரண்டு நூலும் ஒன்று.

2 இராஜாக்கள் 12இல் 15ஆம் வசனத்தை யாராவது உங்களுக்கு எதிராக எடுப்பார்கள். வேலையாட்களுக்குக் கொடுக்கும்படி பணம் வாங்கினவர்களிடம் கணக்குக் கேட்கவில்லை, அவர்கள் உண்மையாய் நடந்தார்கள் என்று இருக்கிறது. உண்மைதான், மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அது இரண்டு பேர் எண்ணிக் கட்டிக் கொடுத்த பிறகு, வேலையும் கண்ணெதிரே நடந்துகொண்டிருந்தபோது, மேஸ்திரிமார்மேல் வைத்த நம்பிக்கை. எண்ணாமலே நம்புங்கள் என்பதற்கு அந்த வசனம் துணை வராது.

பவுலும் இப்படித்தான் செய்தார். எருசலேம் ஏழைகளுக்காகச் சேர்த்த தர்மப்பணத்தை அவர் தனியாகத் தூக்கிக்கொண்டு போகவில்லை. தீத்துவோடுகூட, சபைகள் தெரிந்தெடுத்த ஒரு சகோதரரும் வந்தார். காரணத்தை 2 கொரிந்தியர் 8:21இல் அவரே எழுதுகிறார்: "கர்த்தருக்கு முன்பாக மாத்திரமல்ல, மனுஷருக்கு முன்பாகவும் யோக்கியமானவைகளைச் செய்ய நாடுகிறோம்." கடவுளுக்குத் தெரியும், அது போதும் என்கிற பதிலைப் பவுல் சொல்லியிருக்கலாம், அவரைவிட அதற்குத் தகுதி யாருக்கு? அவர் சொல்லவில்லை.

பொருளாளராக இருந்தபோது ஞாயிறு ஆராதனை முடிந்ததும் நடந்ததைச் சொல்கிறேன். வெஸ்ட்ரி அறை மேஜைமேல் காணிக்கைப் பையைக் கவிழ்ப்போம். சில்லறையை ஒருவர் அடுக்க, நோட்டை இன்னொருவர் பிரிக்க, பேர் எழுதின கவர்களைத் தனியாகப் பிரித்துப் பதிவோம். ஐந்நூறு எத்தனை, நூறு எத்தனை, பத்து எத்தனை என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதி, எண்ணின இரண்டு பேரும் கையெழுத்துப் போட்ட பிறகுதான் பணம் என் கைக்கு வரும். ஐயர், அதாவது போதகர், அந்த மேஜைப் பக்கமே வரமாட்டார். அது அவருக்கு எவ்வளவு பாதுகாப்பு என்பது, யாரோ ஒருத்தர் வெளியே ஏதோ பேசினபோது தெரிந்தது. சீட்டுக் கட்டை எடுத்து வைத்தோம், பேச்சு அன்றோடு முடிந்தது.

கட்டட நிதி இதைவிடச் சிக்கல். சனிக்கிழமை சாயங்காலம் கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் கையில் கூலி கொடுத்தாக வேண்டும், வவுச்சர் எழுதுகிற பழக்கம் இருக்காது. ஒருவர் ஒரு லோடு மணல் இறக்குவார், ஒருவர் சிமெண்ட் மூட்டை தருவார், எதுவும் புத்தகத்தில் ஏறாது. அறுப்பின் பண்டிகை ஏலத்தில் சேவலுக்கும் வாழைத்தாருக்கும் கேட்ட தொகை ஒன்று, கைக்கு வந்த தொகை ஒன்று. பாக்கியை யார் போய்க் கேட்பது? சின்னச் சபையில் இவ்வளவும் போதகர் ஒருவர் தலையில் விழும். மூன்று வருடம் கணக்கு வாசிக்காததற்கு இதுகூடக் காரணமாக இருக்கலாம். காட்டுவதற்கு ஒழுங்கான புத்தகமே இல்லாதபோது கூச்சம் கோபமாக வெளிவருவது உண்டு. அதனால் திருட்டு என்ற வார்த்தையை நினைப்பில்கூட வைக்காமல் கேளுங்கள். ஆனால் கேளுங்கள். 1830இல் லண்டன் மிஷன் ஊழியர் கோவைக்கு வந்த காலத்தில் அவர்களைக் கேள்வி கேட்கிற இடம் லண்டனில் இருந்தது. 1947இல் தென்னிந்தியத் திருச்சபை உருவாகி, 1950இல் கோவைத் திருமண்டலமும் அமைந்த பிறகு, கேட்கிற பொறுப்பு நம் ஊர் ஆட்களுக்கு வந்துவிட்டது. தனிச் சபைகளில் அது இன்னும் அதிகம், ஏனென்றால் மேலே கேட்க ஆளே இல்லை.

இனி உங்கள் பக்கம். மனைவி சொன்னதைத் தள்ளிவிடாதீர்கள். உசியாவுக்கு அசரியா எப்படியோ, உங்களுக்கு அவர் அப்படி இருக்கலாம். பெரியவனாக விரும்புவதையே வேதம் பாவம் என்று சொல்லவில்லை. சீஷர்களான யாக்கோபும் யோவானும் வலதுபக்கமும் இடதுபக்கமும் உட்கார இடம் கேட்டபோது, இயேசு அவர்களைத் துரத்தவில்லை. பெரியவனாக விரும்பினால் பணிவிடைக்காரனாக இரு என்று வழியைத் திருப்பிவிட்டார். "கண்காணிப்பை விரும்புகிறவன் நல்லவேலையை விரும்புகிறான்" என்று பவுலே தீமோத்தேயுவுக்கு எழுதுகிறார். ஆனால் நீங்கள் பயந்து படிக்க வேண்டியது 2 சாமுவேல் 15. தாவீதின் மகன் அப்சலோம் விடியற்காலையிலேயே எழுந்து பட்டணவாசலில் நின்று, வழக்கோடு வருகிற ஒவ்வொருவனையும் கூப்பிட்டு, உன் காரியம் நியாயந்தான், ஆனால் கேட்க ராஜாவிடம் ஆளில்லை, என்னை நியாயாதிபதியாக வைத்தால் எப்படி இருக்கும் என்பான். கும்பிட வந்தவனைக் கட்டித் தழுவி முத்தமிடுவான். அவன் சொன்ன குறை பொய் என்று வேதம் சொல்லவில்லை. ஒருவேளை உண்மையாகவே இருந்திருக்கலாம். ஆனால் அந்தக் குறையை அவன் தகப்பனிடம் போய்ச் சொன்னதாக ஒரு வரியும் இல்லை. வாசலில் நின்று சொன்னான், இஸ்ரவேலரின் மனதைக் கவர்ந்துகொண்டான்.

நீங்கள் இதுவரை இந்தக் கணக்கு விஷயத்தை எங்கே பேசியிருக்கிறீர்கள்? போதகரிடம் எத்தனை தடவை, பேக்கரி டீக்கடையில் எத்தனை தடவை? உங்கள் ஆசை சுத்தமானதா என்று நான் சொல்ல முடியாது, அதை உங்களாலேயே முழுக்கக் கண்டுபிடிக்க முடியுமா என்பதும் சந்தேகம். ஆனால் எங்கே எத்தனை தடவை பேசினீர்கள் என்பதற்குப் பதில் உங்களுக்குத் தெரியும். இன்னொன்றும் யோசியுங்கள்: பங்காளி ஓட்டு, சாதி ஓட்டு என்று எண்ணிக்கை போட்டுத்தான் நம் பக்கத்துச் சபைத் தேர்தல்கள் பல நடக்கின்றன. அந்தக் கணக்கைப் போட்டு ஜெயித்து வந்து, கட்டடக் கணக்கை எந்த முகத்தோடு கேட்பீர்கள்?

சாமுவேல் வயதானபோது, ஜனங்கள் முன்பாக நின்று, யாருடைய எருதை எடுத்துக்கொண்டேன், யாருடைய கழுதையை எடுத்துக்கொண்டேன், யாருக்கு இடுக்கண் செய்தேன், சாட்சி சொல்லுங்கள் என்று தானே கேட்டார். யாரும் அவர்மேல் குற்றம் சாட்டாதபோது அவராகத் திறந்துவிட்ட கணக்கு அது. நீங்கள் நிற்பதானால் முதலில் உங்களைக் கட்டுப்படுத்தும் விதியைச் சொல்லி நில்லுங்கள்: கட்டட நிதிக்குத் தனி வங்கிக் கணக்கு, இரண்டு கையெழுத்து, நான் கையாளுகிற ஒவ்வொரு ரூபாய்க்கும் வவுச்சர், மூன்று மாதத்துக்கு ஒரு தடவை நோட்டீஸ் போர்டில் வரவு செலவு.

அதற்கு முன்னால், இந்த வாரமே, போதகரை வீட்டில் போய்ப் பாருங்கள். தனியாகப் போய் ஒரு தடவை, பிறகு அவரும் மதிக்கிற இரண்டு மூப்பரோடு ஒரு தடவை, மத்தேயு 18 சொல்கிற வரிசையில். பிரசங்கத்தில் சொன்னதைப் பற்றிப் பேச்செடுக்க வேண்டாம். புத்தகம் எழுத ஆள் வேண்டுமானால் நான் உட்கார்ந்து எழுதித் தருகிறேன், பழைய பில்களை அடுக்க உதவுகிறேன் என்று சொல்லிக் கேளுங்கள். அவர் ஒத்துக்கொண்டால் தேர்தலில் நிற்க வேண்டிய அவசியமே இல்லாமல் போகலாம், அப்போது உங்கள் மனம் லேசாகிறதா, ஏமாற்றமாக இருக்கிறதா என்று கவனித்துக்கொள்ளுங்கள். மறுத்தால், பொதுக்கூட்டத்தில் வரவு செலவு வைக்கும்படி இரண்டு மூன்று பேர் கையெழுத்தோடு கடிதம் கொடுங்கள், நகல் வைத்துக்கொள்ளுங்கள். திருமண்டலச் சபையென்றால் மேலே திருமண்டல அலுவலகம் இருக்கிறது. தனிச் சபை சங்கமாகப் பதிவாகியிருந்தால் 1975ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் பொருந்தும், அறக்கட்டளையென்றால் முறை வேறு. அந்தப் பத்திரத்தை ஒரு வழக்கறிஞரிடம் காட்டிக் கேளுங்கள், அது என் துறை இல்லை.